முகம் துடைத்த கேமரா

தெருவில் எல்லோரும் அவரைப் பளிச் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டுடியோவுக்குள் யார் வந்து முக்காலியில் உட்கார்ந்தாலும், "கவலையே படாதீங்க, பளிச்சுன்னு வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார். சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மின்கட்டண ரசீதில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார்.

ஃபிலிம் காலத்தை நினைத்து உருகுகிற புகைப்படக்காரர்கள் சிலர் உண்டு. பளிச் அந்த ரகம் இல்லை. ஃபிலிம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். இளம் வயதில் யாரோ ஒருவரின் இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கையை ஊறவிட்டு, நகமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தவர் அவர். ஒரு கல்யாணத்தில் ஃபிலிம் கேமராவுக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் மாட்டாமலே இருந்திருக்கிறது. அது தெரியாமல் நாள் முழுக்க வெறும் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பெண்ணைப் பெற்றவரிடம் சட்டை கிழிய வாங்கிக்கட்டிக்கொண்டார். டிஜிட்டல் கேமரா கைக்கு வந்த அன்றே பழைய பெட்டியை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

புதிதாக மதம் மாறியவரைப் போல அதன் பெருமையை ஊருக்கே ஓதினார். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்தவர் பாவம், அவசரமாக வேலைக்குப் போகிறவராக இருப்பார். விடமாட்டார்.

"உள்ள தபால்தலை அளவுக்கு ஒரு சில்லு இருக்குங்க. அதுல கோடிக்கு மேல குட்டிக்குட்டிக் குழி. மழை பெய்யும்போது முற்றத்துல பாத்திரத்தையெல்லாம் வரிசையா வச்சா எப்படி, அப்படி. லென்ஸ் வழியா வெளிச்சம் வந்து ஒவ்வொரு குழியிலயும் விழும். எந்தக் குழியில எவ்வளவு விழுந்துச்சோ அதுக்கு ஒரு நம்பர். அவ்வளவுதான். போட்டோங்கறதே வெறும் நம்பருங்க."

"அப்ப கலர்?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு.

"குழிக்குக் கலரெல்லாம் தெரியாது. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கண்ணாடி மூடி. ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல பச்சை, ஒண்ணுல நீலம். சிவப்பு மூடி போட்ட குழிக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும். மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்துல விசாரிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். நம்ம தெரு மாதிரியேதான்!"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு, கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அந்த எண்களையெல்லாம் கோத்துப் படமாக்கி, கூர்மையைக் கூட்டி, நிறத்தைச் சரிசெய்து, சுருக்கி மெமரி கார்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும் என்பதையும் விளக்குவார். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் என்று விரலைச் சொடுக்கிக் காட்டுவார்.

"இந்தப் பாடத்தை வீட்லயும் நடத்துவார். எனக்குப் பரீட்சை வச்சா முதல் மார்க்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள். ஸ்டுடியோவில் படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

அவர் சொன்ன பெருமைகளில் பொய் ஒன்றும் இல்லை. எடுத்த படத்தை முதுகில் இருக்கும் திரையில் அப்போதே பார்க்கலாம். கண்ணை மூடியிருந்தால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைப் படமே தன் வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். "பொய் சொல்லவே சொல்லாது" என்பார். தெருவில் எல்லோரையும் போல நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன்.

ஒரே ஒரு தொல்லைதான் அவருக்கு இருந்தது, அது மனிதர்களின் முகம். படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் முகம் பிடிக்கவில்லை. பரு தெரிகிறது, கண்ணுக்குக் கீழே கருப்பு தெரிகிறது, நான் என்ன இவ்வளவு கருப்பா என்று சண்டைக்கு வந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுத் துடைத்துத் துடைத்து அவருக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. அப்போதுதான் புதிய கேமராவின் மெனுவுக்குள், ஆழத்தில் ஓரிடத்தில், ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். அதைப் போட்டுவிட்டால் முகம், கழுத்து என்று தோல் தெரிந்ததையெல்லாம் கேமராவே மெழுகிவிடும். தோலை வழவழப்பாக்கும், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை மறைத்துவிடும், சிவப்பைத் தணிக்கும். மூன்று அளவுகள் இருந்தன. அவர் எதிலுமே கஞ்சத்தனம் பார்க்காதவர், உச்சத்தில் வைத்தார்.

வந்தவர்கள் குளிர்ந்துபோனார்கள். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் பளிச்சிடம்தான் எடுக்க வேண்டும் என்று பேச்சு பரவியது. அதற்குப் பிறகு அவர் அந்த மெனுவுக்குள் போகவே இல்லை. தலைக்கு மேலே சுழல்கிற மின்விசிறியை யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்களா? அப்படி அது அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளை அந்த ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். படியேறும்போதுகூட சத்தம் கேட்காது. "தங்கமான பையன்" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்தத் தங்கம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தது என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தங்கை சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் ஸ்டுடியோவைத் திறந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். பளிச்சின் மனைவி முந்தானையை விலக்கினாள். இடது கண்ணுக்குக் கீழே வீங்கிக் கன்றிப்போயிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் தெரிந்தன.

"ஐயோ பாவி!" என்றாள் அண்ணி. யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இனிமே அங்க போக மாட்டேண்ணா" என்றாள் தங்கை. அழவில்லை. "நேத்து பாப்பாவையும் அடிக்கக் கை ஓங்கிட்டாரு. இவளைக் கூட்டிட்டுத் தனியா இருந்துக்கறேன். எனக்கு அது போதும்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா."

"எந்த ஆஸ்பத்திரிக்கு? அவரு ஆஸ்பத்திரிக்கா? அங்க வாசல்ல நிக்கறவர்ல இருந்து எல்லாரும் அவருக்கு வேண்டியவங்க. வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக் குடுத்துருவாங்க. நீ போட்டோ எடுண்ணா. தேதியோட விழும்னு நீதான சொல்லுவ?"

பளிச்சின் மனைவி அதற்குள் தன் போனை எடுத்துவிட்டாள். "இருங்க, இதுலயே ரெண்டு எடுத்துடறேன்."

"வை கீழ!" என்று அவர் சீறினார். "போன்ல எடுத்தா அது படமா? அது தானாவே முகத்துக்கு மாவு பூசும். கோர்ட்டுக்குப் போறது. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

இந்த ஆளை என்னவென்று சொல்வது? அவள் போனைக் கீழே வைத்தாள். அதை இன்று வரை அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கையை முக்காலியில் உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் குடைவிளக்கைப் போட்டார். முன்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று வரிசையாக எடுத்தார். எடுத்தவுடன் திரையைப் பார்க்காமல் இருந்ததே இல்லை அவர். அப்போதே பார்க்கலாம் என்பதுதானே ஊருக்கெல்லாம் அவர் சொன்ன முதல் பெருமை. அன்று பார்க்கவில்லை. நேரில் பார்த்ததே தாங்கவில்லை, அதைத் திரையில் வேறு பெரிதாக்கிப் பார்க்க அவருக்கு நெஞ்சில் தெம்பில்லை. கேமராவை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அவர்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா விவரமானவர். ஸ்டுடியோக்காரர் அண்ணன் என்றதும் உஷாரானார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. அந்தக் கார்டை உங்க கம்ப்யூட்டர்ல போடவே கூடாது. பிரிண்ட் வேண்டாம், காப்பி வேண்டாம். ஒருதடவை திறந்தாக்கூட, ஸ்டுடியோக்காரன்தானே, காயத்தை அவனே வரைஞ்சுட்டான்னு சொல்லுவாங்க. கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்க. கோர்ட்ல அவங்க முன்னாடியே பிரிக்கலாம். வீடு தனியா வேணும், குழந்தை அம்மாகிட்ட இருக்கணும், ரெண்டுக்கும் இதுதான் நமக்கு ஆதாரம்."

பளிச்சுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. தன் தொழிலின் குணம் தெரிந்தவர். கார்டைக் கழற்றி உறையில் போட்டு, நாலு பக்கமும் பசை தடவி ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேறு கார்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வழக்கம்போல வேலை பார்த்தார்.

விசாரணை வருவதற்குள் தங்கையின் முகம் ஆறிவிட்டது. அண்ணன் வீட்டில் ஒரு சுற்று சதைகூடப் போட்டாள். மகள் அத்தை மடியில் படுத்துக்கொண்டு வெட்டி மிஞ்சிய காகிதத்தில் பொம்மை வரைந்தாள். தனியாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். ஒரே அறை, ஆனால் சமையல் மேடைக்கு மேலே ஜன்னல் இருந்தது. தங்கை அந்த ஜன்னலுக்குத் திரை தைத்தே வைத்துவிட்டாள்.

குடும்ப நீதிமன்றத்தில் அதற்கென்று ஒரு சிறிய அறை. நீளமான மேசை, ஓரத்தில் கம்ப்யூட்டர், சுவரில் ஓடாத கடிகாரம். வழக்கை விசாரிக்கிற நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

"நான் அடிச்சதே இல்லைங்க. அவங்களுக்குத் தனியாப் போகணும்னு ஆசை. அவ்வளவுதான்" என்றார் மெல்லிய குரலில்.

பளிச்சுக்கு ரத்தம் கொதித்தது. இரு, இன்னும் கொஞ்ச நேரம், உன் சாயம் வெளுக்கும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

உறை வந்தது. விசாரிக்கிற அம்மா ஒட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா? நீங்க எடுத்த படமா?"

"ஆமாம்மா."

"எடுத்த பிறகு ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கேமராவுல இருந்து வந்தது வந்தபடி இருக்கு. கை வைக்கவே இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க வேணும்னாலும் சொல்றேன்" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்கள். திரை ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு விரிந்தது. தங்கை இருந்தாள். முகம் கழுவித் துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. கண்ணுக்குக் கீழே லேசாக ஒரு நிழல், தூக்கம் கெட்டவளுக்கு இருக்குமே, அதுபோல. இரண்டு பக்கமும் போட்ட விளக்கில் வீக்கம் தட்டையாகிவிட்டது. கன்னத்தில் ஆரோக்கியமான இளஞ்சிவப்பு. மூன்றாவது படத்தில் கழுத்து சங்கு கடைந்தது போல இருந்தது. ஒரு விரலும் இல்லை.

திரையின் மூலையில் தேதியும் நேரமும் பிசகில்லாமல் இருந்தன.

அந்த நொடியில் பளிச்சுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. மெனு, அதன் ஆழத்தில் அந்த வரி, உச்ச அளவு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வக்கீலம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"அம்மா, இது கேமரா பண்ணினது" என்று எழுந்தார். "உள்ளயே ஒரு வசதி இருக்கும்மா. அது முகத்தைத் துடைச்சிரும். நான் போட்டு வச்சிருந்தேன். மறந்துட்டேன். நான் பார்த்தேம்மா, என் கண்ணால பார்த்தேன்."

"இப்பத்தானே கை வைக்கலன்னு சொன்னீங்க?" என்றார் விசாரிக்கிற அம்மா.

"நான் வைக்கல. அது வச்சிருச்சு."

எதிர்ப்பக்க வக்கீல் சிரித்தேவிட்டார். விசாரிக்கிற அம்மா சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். "சரி. துடைக்கறதுக்கு முன்னாடி இருந்தது எங்க?"

ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் நன்றாகத் தெரியும். குழிகளில் விழுந்த வெளிச்சத்தின் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளவும் அந்தக் கேமராவில் வழி உண்டு. அது கார்டில் நிறைய இடம் பிடிக்கும். அடையாள அட்டைப் படத்துக்கு அது எதற்கு என்று அவர் அதைப் போட்டதே இல்லை.

"இல்லைம்மா" என்றார். "படத்தைச் செஞ்சதும் அது தூக்கிப் போட்டுரும்."

அண்ணி சாட்சி சொன்னாள். "நீங்க பொண்ணோட சொந்தம், அந்தப் பக்கம் வர்றவங்க மாப்பிள்ளையோட சொந்தம். சொந்தம் சொல்றதையெல்லாம் கேட்டா நான் எதை எழுதறது?" என்றார் விசாரிக்கிற அம்மா. குரலில் கடுமை இல்லை, அலுப்புதான் இருந்தது. சொந்த அண்ணனே அன்றைய தேதியில் எடுத்த படத்தில் காயம் இல்லை என்பது பதிவாயிற்று. நிலையான வேலையும் சொந்த வீடும் அப்பாவுக்கு இருப்பதால் குழந்தை அங்கே இருக்கட்டும், அம்மாவும் கூடப்போய்க் கொஞ்ச நாள் சேர்ந்து இருந்து பார்க்கட்டும் என்று முடிந்தது.

தங்கை வெளியே வந்து, மகள் காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பளிச் அவள் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"நீ வேணும்னா பண்ணின?" என்றாள். "விடு. பாப்பா பையை எடுத்துட்டு வா. அவ மட்டும் தனியாப் போக வேண்டாம்."

மாப்பிள்ளை சத்தமில்லாமல் வந்தார். மச்சானின் தோளைத் தொட்டார். "மனசுல எதுவும் வச்சுக்காதீங்க மச்சான். அந்தப் படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்களேன், ஹால்ல மாட்டலாம்."

அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை பேர் முன்னால் பிடித்திருந்தால், அதையும் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள். பாப்பாவின் பையை எடுத்து வந்து ஆட்டோவில் வைத்தார். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வசதியை அணைத்தார். எண்களை அப்படியே சேமிக்கிற வழியைப் போட்டார். அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் முகம் அப்படியே கிடைத்தது. ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. கல்யாணப் படத்துக்கு வந்த ஒரு பெண் தன் படத்தைப் பார்த்து அங்கேயே அழுதாள். அவள் அம்மா, "உங்களுக்கு என்னங்க ஆச்சு, கண்ணு மங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டு எதிர்வரிசை ஸ்டுடியோவுக்குப் போனாள். வாடகை நாள் வந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து போனார். மனைவி காலியாகக் கிடந்த முக்காலியை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்தாள். ஒரு திங்கட்கிழமை அவரே மெனுவுக்குள் போய் முகம் மெழுகுகிற அந்த வசதியைத் திரும்பப் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் தங்கை வந்தாள். குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த வருஷம் அடையாள அட்டை உண்டாம், அதற்குப் படம் வேண்டுமாம். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து அவளாகவே அதை விலக்கினாள். உதட்டோரம் கிழிந்திருந்தது. தாடைக்கு மேலே அடிபட்ட மாம்பழம் போல மஞ்சளும் கறுப்புமாக ஒரு திட்டு.

பளிச் கேமராவை எடுத்து மெனுவைத் திறந்தார். விரல் அவசரத்தில் தப்புத்தப்பான இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. "இந்தத் தடவை விடமாட்டேம்மா" என்று முணுமுணுத்தார். "எல்லாம் அப்படியே விழும். வக்கீலம்மாகிட்ட இன்னைக்கே போவோம்."

அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும்ணா."

"என்னம்மா சொல்ற?"

"அணைக்காத. தினமும் ஸ்கூல் வாசல்ல காட்டணும். பாப்பா டீச்சருங்க பார்ப்பாங்க. கூடப் படிக்கற புள்ளைங்க பார்க்கும்." திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். "எடுண்ணா. மணி அடிக்கறதுக்குள்ள அவளைக் கூட்டணும்."

அவர் எடுத்தார். இந்த முறை திரையைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒன்றும் இல்லை, தாடையில் ஒன்றும் இல்லை.

"எப்படி வந்திருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார்.